கிழட்டு டிராக்டரின் லிஃப்ட் தூக்கவில்லை: ரிங் போடுவதா, பம்பு மாற்றுவதா, வண்டியையே தள்ளிவிடுவதா?

டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கி இறக்குகிற லிஃப்ட், காலையில் முதல் ஒரு மணி நேரம் ஜோராகத் தூக்கும். வெயில் ஏற ஏறச் சோர்ந்துபோகும். மதியத்துக்கு மேல் வரப்போரம் திரும்பும்போது லீவரை மேலே இழுத்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்து முடிக்கலாம், ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) அப்போதுதான் சேற்றைவிட்டு மெதுவாக எழும்பும். பழைய டிராக்டர் வைத்திருக்கிற பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும்.

இதை டீக்கடையில் சொன்னால் நான்கு தீர்ப்பு கிடைக்கும். ஆயிலை மாற்று என்பார் ஒருவர். ரிங் போயிருக்கும், கவரைத் திற என்பார் இன்னொருவர். பம்பையே மாற்றிவிடு, தலைவலி விட்டது என்பார் மூன்றாமவர். நான்காமவர், இதை எதற்கு இன்னும் கட்டி அழுகிறாய், விற்றுத் தொலை என்பார். நான்குமே ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான பதில்தான். உங்கள் வண்டிக்கு எது என்பதுதான் கேள்வி. நான் அதைக் கேட்காமல் மூன்றாவதில் தொடங்கினேன். பல ஆயிரம் கொடுத்துப் புதுப் பம்பு போட்டு, அப்போதும் மதியத்தில் அதே சோர்வு. கடைசியில் போயிருந்தது சில பத்து ரூபாய் பெறும் ஒரு ரப்பர் ஓ-ரிங்கும் தேய்ந்த பிஸ்டன் ரிங்கும். பம்பை மாற்றச் சொன்ன மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, சோதித்துப் பாருங்கள் என்று நானும் அவரிடம் கேட்கவில்லை.

நான் பேசுவது மாஸி பெர்குசன் 1035 மாதிரியான வண்டியை வைத்து. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கட்டி அனுப்பியவை, சிம்சன் எஞ்சின், 36 குதிரைத்திறன். டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றாவது வேப்பமரத்தடியில் நிற்கும். லிஃப்ட் சோர்ந்தது வண்டியின் குறையில்லை, இருபத்தைந்து வருஷம் தொளியில் முக்கி எடுத்து ஆயில் பக்கமே திரும்பிப் பார்க்காத எங்கள் லட்சணம். இதன் லிஃப்ட் அமைப்பு அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனின் வம்சம். 1946-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்து வந்த சின்ன சாம்பல் நிற டிஇ20, அதற்கடுத்து ஐம்பதுகளின் நடுவில் வந்த 35, அதன் வாரிசுதான் இந்த 1035. இந்தப் பரம்பரையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதில் பம்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் செலவுக் கணக்கே மாறுகிறது.

மற்ற பல வண்டிகளில் ஹைட்ராலிக் பம்பு வெளியே எஞ்சின் பக்கமாக இருக்கும். நான்கு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். இதில் அப்படியில்லை. பம்பு நம் சீட்டுக்குக் கீழே, பெட்டிக்குள், கியர் ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றுகிற பிடிஓ ஷாஃப்ட்தான் அதையும் சுற்றுகிறது. நான்கு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடி ஆயிலைத் தள்ளும். அது ஒரு நேர்க்குழாய் வழியாக மேலே லிஃப்ட் கவருக்கு ஏறி, கவரின் அடியில் தொங்குகிற சிலிண்டருக்குள் போய், பிஸ்டனைத் தள்ளி, பிஸ்டன் லிஃப்ட் ஷாஃப்டைத் திருப்பி, கருவியைத் தூக்குகிற இரண்டு கையும் மேலே போகின்றன. அந்த நேர்க்குழாயின் இரண்டு முனையிலும் ஓ-ரிங். சிலிண்டருக்குள் பிஸ்டன் ரிங். பம்போடு ஒட்டி ஒரு கன்ட்ரோல் வால்வு, அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்கிற ஒரு ரிலீஃப் வால்வு. ஒரு விசேஷம், ஃபெர்குசன் அமைப்பில் கன்ட்ரோல் வால்வு ஆயில் உள்ளே இழுக்கிற பக்கத்தில் இருக்கிறது. தூக்க வேண்டாம் என்றால் பம்புக்கு ஆயிலே கொடுக்காது. அதனால்தான் சும்மா ஓடும்போது பம்பு சூடாவதில்லை, சத்தமும் இல்லை.

பம்பைத் தொட வேண்டுமென்றால் ஆயிலை வடித்து, சீட்டைக் கழற்றி, செயின் பிளாக் போட்டு லிஃப்ட் கவரைத் தூக்கி, பிடிஓ ஷாஃப்டைப் பின்னால் இழுக்க வேண்டும். ஆக, இந்த வண்டியில் சாமான் விலையைவிடத் திறக்கிற கூலியும் நிற்கிற நாளும்தான் கனம். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் காசு செலவில்லாத விஷயங்கள், சட்டென்று சொல்லிவிடுகிறேன். பிடிஓ லீவர் நியூட்ரலில் கிடந்தால் பம்பு சுற்றாது, லிஃப்ட் வேலை செய்யாது. புது டிரைவர் ஏறினால் இது நடக்கும், சிரிக்காதீர்கள். உழவின் இழுவையைப் பார்த்து ஏற்றி இறக்குகிற டிராஃப்ட் லீவர் கீழே கிடந்தால், கருவியின் உயரத்தை வைக்கிற பொசிஷன் லீவரை எவ்வளவு இழுத்தாலும் தூக்காது, டிராஃப்ட் லீவரை முதலில் மேலே வையுங்கள். சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்ச்சை மிதித்தபடி தூக்கப் பார்த்தால் தூக்காது, டபுள் கிளட்சிலும் முழுக்க மிதித்தால் அதே கதைதான். ஆயில் அளவை வண்டி சமதரையில் நிற்கும்போது பாருங்கள். அப்புறம் இன்னொன்று, நன்றாக வலுவோடு தூக்குகிறது, ஆனால் முழு உயரம் போகவில்லை என்றால் அது வலுக்குறைவே இல்லை, உள்ளே இருக்கிற லிங்கேஜ் அட்ஜஸ்ட்மென்ட். அதற்குப் பம்பை மாற்றினால் பம்பு விற்றவருக்குத்தான் லாபம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சோர்வென்றால், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி: தூக்க முடியவில்லையா, அல்லது தூக்கியதைப் பிடித்து நிறுத்த முடியவில்லையா? இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். உள்ளே இரண்டும் வேறு வேறு நோய்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கிற அளவு டேப் போதும். ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டுங்கள், அது இருநூறு கிலோவைச் சுற்றி இருக்கும், சோதனைக்கு ஏற்ற பாரம். வண்டியை நன்றாக ஓட்டி ஆயில் சூடான பிறகு செய்யுங்கள், காலையில் குளிர்ந்த வண்டியில் செய்தால் அது பொய் சொல்லும். மேலே தூக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரைத் தொடாமல், தரையிலிருந்து கீழ்க்கை முனை வரை அளந்து சாக்பீஸால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்ப அளங்கள். கிழட்டு வண்டியில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கண் முன்னாலேயே இறங்கிக் கொழு தரையைத் தொட்டுவிட்டால், ஆயில் எங்கோ கசிந்து ஓடுகிறது. பிஸ்டன் ரிங், சிலிண்டர், நேர்க்குழாய் ஓ-ரிங், ரிலீஃப் வால்வு, கன்ட்ரோல் வால்வின் இறக்குகிற பக்கம், பம்பின் வெளியேற்று வால்வுகள், இதில் ஏதோ ஒன்று.

கருவிக்கு அடியில் காலையோ தலையையோ வைத்து இதைச் செய்யாதீர்கள். சோதனையே அது விழுமா என்று பார்ப்பதற்குத்தான்.

எஞ்சின் ஓடும்போது இதே கசிவு வேறு மாதிரி தெரியும். தூக்கி நிறுத்திய கலப்பை பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டும். இறங்கும், உடனே பம்பு ஒரு தள்ளு தள்ளி ஏற்றும், மறுபடி இறங்கும். வேகமாக ஆட ஆடக் கசிவு பெரிது. தலையாட்டுகிற வண்டிக்குப் புதுப் பம்பு போட்டால், ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைத்த கதை. கொஞ்ச நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும், ஏனென்றால் புதுப் பம்பு கசிவைவிட வேகமாக ஊற்றுகிறது. எனக்கு ஒரு போகம் அப்படி ஓடியது.

மாறாக, தூக்குவதற்கு ஆற அமர நேரம் எடுக்கிறது, ஆனால் ஒருமுறை மேலே போய்விட்டால் அசையாமல் நிற்கிறது என்றால், ஆயில் போதுமான அளவு வந்து சேரவில்லை. ஆயிலை வடிகட்டுகிற வலைச் சல்லடை அடைத்திருக்கலாம், வால்வு துருப்பிடித்து முழுக்கத் திறக்காமல் இருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம். சின்ன பாரத்தைச் சுறுசுறுப்பாகத் தூக்கிவிட்டுப் பெரிய பாரத்தைத் தொடவே மாட்டேன் என்றால் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்து சீக்கிரமே திறந்துகொள்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைத் தணித்து வைத்தால் தூக்காது, ரேஸ் கொடுத்தால் தூக்கும் என்பது எல்லோரும் சொல்கிற அறிகுறி, ஆனால் அது உற்பத்தியும் கசிவும் இழுபறியில் இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்லும். எது குற்றவாளி என்று சொல்லாது.

இன்னும் உறுதியாகத் தெரிய இரண்டு வழி. ஒன்று, பக்கத்துக் கவர். ஆயில் குச்சி இருக்கிற பக்கத்து மூடியை, கொஞ்சம் ஆயில் வடித்துவிட்டுக் கழற்றினால் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கலாம். எஞ்சினைத் தணித்து ஓடவிட்டு, பாரத்தைத் தூக்கி நிறுத்திவைத்தால், சிலிண்டர் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வருகிறதா, குழாயைத் திறந்த மாதிரி கொட்டுகிறதா, அல்லது நேர்க்குழாய் முனையிலிருந்து பீய்ச்சுகிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். சொட்டினால் பரவாயில்லை. கொட்டினால் ரிங். குழாய் முனையில் பீய்ச்சினால் ஓ-ரிங். என் வண்டிக்கு இதை முதலிலேயே செய்திருந்தால் பம்பு வாங்கிய காசு மிச்சம். உள்ளே ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும், தோளில் துண்டோடு குனியாதீர்கள், கையை உள்ளே விடாதீர்கள். ஆயில் பீய்ச்சுகிற இடத்தை விரலால் தடவித் தேடுவது இன்னும் மோசம். டயரில் இருப்பது சில பத்து பிஎஸ்ஐ, இங்கே இருப்பது இரண்டாயிரத்துக்கு மேல். அந்த ஊசி மாதிரியான பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே கையே அழுகிப்போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, பிரஷர் கேஜ். டிப்பர் டிரெய்லருக்குக் குழாய் எடுக்கிற வாய் மேல்கவரில் இருக்கும், அதில் கேஜை மாட்டலாம். இந்த 35 பரம்பரையின் ரிலீஃப் வால்வு சுமார் 2500 பிஎஸ்ஐ, அதாவது 170 பார் வாக்கில் திறக்க வேண்டும். லிஃப்ட் சிலிண்டரைத் தனியாக அடைத்துவைக்கிற வால்வு உங்கள் வண்டியில் இருந்தால் வேலை மிகச் சுலபம். அடைத்துவிட்டு முழு அழுத்தம் வந்தால் பம்பு நல்ல பம்பு, நோய் சிலிண்டர் பக்கம். கேஜ் இல்லாதவர்களுக்கு ஒரு நாட்டு வழி, அதே ஏற்பாட்டில் மணல் ஏற்றிய டிப்பர் டிரெய்லரைச் சூடான ஆயிலில் தூக்கிப் பார்ப்பது. டிப்பர் கவிழ்கிறது, கலப்பை எழும்பவில்லை என்றால் பம்பின் மேல் பழி போடாதீர்கள்.

சரி, இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

ஆயில் மாற்றுவது. இருபது லிட்டர் டின் ஒன்றில் முடியாது, அதனால் மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வழியில் போனாலும் ஆயிலை வடிக்கத்தான் போகிறீர்கள், எனவே இது தனிச் செலவே அல்ல, முதல் படி. சேற்றுழவு வண்டியில் தண்ணீர் கலக்காமல் இருந்தால்தான் அதிசயம். கியர் லீவரின் ரப்பர் கிழிந்திருக்கும், ஆக்சில் சீல் தேய்ந்திருக்கும், கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டு முழங்கால் தொளியில் ஓடும்போது தண்ணீர் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். லேசான சந்தேகமென்றால் சூடான பழைய தோசைக்கல்லில் ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர் இருந்தால் கடுகு மாதிரி பொரியும். (வீட்டுத் தோசைக்கல்லை எடுத்தால் வரும் விளைவுக்கு நான் பொறுப்பல்ல.) தண்ணீர் கலந்த ஆயிலோடு சம்பா முடிந்து நான்கு மாதம் வண்டியை நிறுத்திவைத்தால் கன்ட்ரோல் வால்வு துருப்பிடிக்கும். அது சிக்காமல் இருக்க ஓடும்போதெல்லாம் லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு ஒன்றை வைத்துத்தான் செய்திருக்கிறார்கள், நிற்கிற வண்டியில் யார் ஆட்டுவது?

வடிக்கும்போது கடைசியில் வருகிற கசடைத் தூக்கி எறியாமல் வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். மஞ்சள் பொடி பளபளத்தால் எங்கோ வெண்கலம் தேய்கிறது. சல்லடையைக் கழுவுங்கள். புத்தகத்தில் என்ன கிரேடு சொல்லியிருக்கிறதோ அதை ஊற்றுங்கள், லிஃப்ட் சோர்ந்தது என்று கெட்டியான ஆயிலை ஊற்றுவது ஊரில் நடக்கிற வேலை. கொஞ்ச நாள் தூக்கும், உண்மைதான், கெட்டி ஆயில் ஓட்டையில் மெதுவாகக் கசியும். ஆனால் காலையில் பம்பு அதை இழுக்கத் திணறும். டீசல் ஊற்றிக் கழுவுகிறவர்கள் அதை முழுக்க வடிய விடாவிட்டால் புது ஆயிலும் தண்ணீராகிவிடும்.

தூக்குவதில் மட்டும் சோர்வு, பிடிப்பது சரியாக இருக்கிறது, ஆயில் மோராகக் கிடக்கிறது என்றால் இந்த ஒரு படியோடு நிறுத்திவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிடித்து நிறுத்த முடியாத வண்டிக்கு ஆயில் மாற்றினால் நல்ல ஆயில் கசியும், அவ்வளவுதான்.

கவரைத் திறந்து ரிங்கும் ஓ-ரிங்கும் போடுவது. என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். காரணம் எளிது: சாமான் சல்லிக்காசு, கூலிதான் செலவு, அந்தக் கூலியைக் கொடுத்துத் திறந்துவிட்டால் கவருக்கு அடியில் கைக்கு எட்டுகிற எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். பிஸ்டன் ரிங், நேர்க்குழாயின் இரண்டு ஓ-ரிங், சிலிண்டரும் கவரும் சேருகிற இடத்து சீல், கவர் பேக்கிங். இதில் எதையும் “இது இன்னும் தாங்கும்” என்று விடாதீர்கள். பத்து ரூபாய் ரப்பரை மிச்சம் பிடித்து மறுபடி கவரைத் தூக்குகிறவனைப் போல முட்டாள் கிடையாது, அதையும் நான் செய்திருக்கிறேன்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிலிண்டரைத் துடைத்துவிட்டு விரல் நகத்தை உள்சுவரில் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். கோடு நகத்தில் தட்டினால், அந்தச் சிலிண்டரில் புது ரிங் போட்டுப் பயனில்லை, சில மாதத்தில் பழையபடிதான். சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்து மாற்றுங்கள். மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள், டீசலில் கழுவிக் காயவைத்துச் சாக்பீஸ் தடவினால் விரிசலில் ஊறிய எண்ணெய் கோடாகத் தெரியும். பள்ளத்தில் பாரத்தைத் தொங்கவிட்டபடி குதித்துக் குதித்து ஓட்டிய வண்டிகளில் இதைப் பார்க்காமல் விடாதீர்கள், ஒவ்வொரு குதிப்பிலும் அத்தனை அடியும் அந்த ஒரு சிலிண்டரின் மேல்தான் விழுகிறது. கவர் திறந்திருக்கும்போதே லிஃப்ட் ஷாஃப்ட் புஷ்ஷின் ஆட்டத்தையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

பம்பு வேலை. கேஜ் சொன்னால், அல்லது பிடிப்பு சரியாக இருந்து ஆயிலும் சல்லடையும் சுத்தமாக இருந்து அப்போதும் தூக்கத் திணறினால், இது தேவைதான். இங்கே மூன்று கிளைவழி. பழைய பம்பையே பிரித்துக் கிட்டு போட்டுச் சேர்ப்பது, புதுப் பம்பு, பழைய சாமான் கடைப் பம்பு.

கடைசியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பம்பு நன்றாக இருக்கலாம், ஆனால் மாட்டி ஓட்டும் வரை தெரியாது, மாட்டுவதற்குக் கூலி முழுசாகக் கொடுக்க வேண்டும். வெளியே பம்பு இருக்கிற வண்டிக்கு இது நியாயமான பந்தயம், சரியில்லை என்றால் அரை நாளில் கழற்றித் திருப்பிக் கொடுக்கலாம். சீட்டுக்கு அடியில் பம்பை வைத்திருக்கிற வண்டிக்கு இது சூதாட்டம்.

கிட்டு போடுவது, உங்கள் ஊரில் இந்தப் பம்பைப் பிரித்துச் சேர்த்துப் பழகிய ஒரு கை இருந்தால் மட்டும். வால்வுகள், ஸ்பிரிங்குகள், சீல்கள் புதிதாகிவிடும். ஆனால் பிஸ்டன் ஓடுகிற துளைகளே தேய்ந்திருந்தாலோ, ஷாஃப்டின் கேம் பகுதி பள்ளம் விழுந்திருந்தாலோ கிட்டு அதைச் சரிசெய்யாது. பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும், அதனால் மெக்கானிக்கிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்: திறந்ததும் கூப்பிடுங்கள், நான் வந்து பார்க்கிறேன், அதற்குள் எதையும் வாங்காதீர்கள். ரிலீஃப் வால்வு மட்டும் குற்றவாளி என்றால் அதை மட்டும் மாற்றலாம். அழுத்தம் போதவில்லை என்று அதற்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குகிற வித்தையை ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வால்வு திறக்காவிட்டால் திறப்பது சிலிண்டராகவோ கவராகவோ இருக்கும்.

புதுப் பம்பென்றால் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்ற கேள்வி வரும். மற்ற சாமான்களில் நான் டூப்ளிகேட்டுக்கு விரோதி இல்லை. லிங்க் பின், டாப் லிங்க், லைட்டு, மட்கார்டு, எது மலிவோ அது. ஆனால் மாற்றுவதற்கே வண்டியைப் பாதி பிரிக்க வேண்டிய சாமானில் விலை வித்தியாசத்தைக் கூலியோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டாம் முறை திறக்க நேர்ந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும், வண்டி நிற்கிற நாளின் வாடகை வேறு.

ஊரில் இன்னொரு யோசனையும் சொல்வார்கள், வெளியே ஒரு உதவி சிலிண்டரைப் பொருத்திவிடலாம் என்று. அது பாரம் போதாத நல்ல வண்டிக்கு. ஆயில் போதாத வண்டிக்கு இன்னொரு சிலிண்டரை நிரப்பச் சொன்னால் இன்னும் மெதுவாகத்தான் தூக்கும். வேண்டாம்.

எதுவும் செய்யாமல் ஓட்டுவது. இதைக் கேவலமாக நினைக்காதீர்கள், பல வண்டிகளுக்கு இதுதான் சரி. 1035-க்குக் கம்பெனி சொல்கிற தூக்குதிறன் 1100 கிலோ, ஆனால் அது கீழ்க்கை முனையில் பிடித்த கணக்கு. கருவியின் கனம் எவ்வளவு பின்னால் தள்ளிப் போகிறதோ அந்த அளவு வண்டிக்கு அது அதிக பாரமாகத் தெரியும். ஐந்தடி ரோட்டவேட்டர் முந்நூறு நானூறு கிலோ, அதில் ஒட்டிய சேறு தனி. அதை விட்டுவிட்டுக் கலப்பையோடும் டிரெய்லரோடும் வண்டியை நிறுத்திக்கொண்டு, ரோட்டவேட்டர் வேலைக்கு மட்டும் வாடகை வண்டி பிடிக்கலாம். வேளாண் பொறியியல் துறையிலேயே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது, உழவன் செயலியில் பதியலாம், ஆனால் ஊரெல்லாம் ஒரே நாளில் நடவுக்கு நிற்கும்போது உங்கள் முறை எப்போது வரும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். சொந்தமாக மூன்று நான்கு ஏக்கர், வாடகைக்கு ஓட்டுவதில்லை என்பவருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும். வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு வராது, ஒவ்வொரு வரப்பிலும் அரை நிமிஷம் நின்றால் நாள் முடிவில் ஒரு ஏக்கர் குறையும், அடுத்த முறை பக்கத்து வண்டியைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

விற்பது. லிஃப்டுக்காக மட்டும் விற்காதீர்கள். வாங்க வருகிறவர் முதலில் செய்வதே கலப்பையை மாட்டித் தூக்கிப் பார்ப்பதுதான், தலையாட்டினால் அவர் பம்பு, சிலிண்டர், கூலி எல்லாவற்றையும் சேர்த்துக் கழித்துத்தான் விலை கேட்பார். உங்களுக்குப் போயிருப்பது ரிங் மட்டுமாக இருக்கலாம், அந்த வித்தியாசம் அவர் பாக்கெட்டுக்குப் போகும். சரிசெய்து விற்பதே லாபம். ஆனால் எஞ்சின் புகை தள்ளுகிறது, கிளட்ச் வழுக்குகிறது, கியர் கத்துகிறது, அதோடு லிஃப்டும் என்றால் அது வேறு பேச்சு. அப்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மதிப்பு கேட்டு எழுதிக் கூட்டிப் பாருங்கள், ஒரே பட்டறையில் கேட்காதீர்கள்.

பம்பு வெளியே இருக்கிற வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு வரிசை கொஞ்சம் மாறும். கியர் பம்பு என்பதால் காற்று இழுப்பதுதான் பெரிய சந்தேகம். ஆயில் நுரைத்திருக்கிறதா, உறிஞ்சுகிற பக்கத்து குழாய்க் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, சக்ஷன் ஃபில்டர் அடைத்து பம்பு ஊளையிடுகிறதா, முதலில் இதைப் பாருங்கள். முழுப் பாரத்தில் லீவரை இழுக்கும்போது ரிலீஃப் வால்வு கீச்சென்று கத்தினால் பம்பு உயிரோடு இருக்கிறது, கத்தவும் இல்லை தூக்கவும் இல்லை என்றால் பம்பையோ கசிவையோ தேடுங்கள். உங்களுக்குப் பம்பு மாற்றுவது சுலபம் என்பதே ஆபத்து, சுலபமான வேலையைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள்.

எனக்கு இப்போது இதே நோய் மறுபடி வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால்: தை அறுப்பு முடிந்து வண்டி சும்மா நிற்கும்போதே டேப் சோதனை. இறங்கினால் பக்கத்துக் கவரைத் திறந்து பார்த்துவிட்டு நேராக மேல்கவர், ரிங், ஓ-ரிங், சிலிண்டரை நகத்தால் சோதிப்பது. இறங்காமல் சோர்ந்தால் ஆயில், சல்லடை, ஒரு வாரம் ஓட்டம், அப்புறம் கேஜ், அது சொன்னால் மட்டும் பம்பு. குறுவைக்குத் தண்ணீர் வந்த பிறகு இதையெல்லாம் தொடங்கினால் மெக்கானிக் போனையே எடுக்க மாட்டார், எடுத்தாலும் கையில் கிடைத்த சாமானை மாட்டி அனுப்பிவிடுவார்.

மாற்றிப் போட்ட பிறகு, கழற்றிய பழைய பம்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது நன்றாகத்தான் இருந்திருக்கிறது, இப்போது பக்கத்து ஊர் வண்டி ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கிறது.